அரையாண்டு லீவுக்கு ராட்டினத் திடலில் வேலை: என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

உச்சிப்புளித் தம்பி:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் 24-லிருந்து காணும் பொங்கல் வரைக்கும் அரியமான் கடற்கரைப் பக்கம் ராட்டினத் திடலுக்கு ஆள் எடுக்கிறாங்க. எனக்கு 19 வயசு, மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருஷம். பெரிய ராட்டினத்துல உதவிக்கு நிக்கணும். தேவைப்பட்டா கொலம்பஸ்ங்கிற ஆடுற படகுக்கும் குழந்தைகளோட ஜம்பிங் பலூனுக்கும் மாத்தி விடுவாங்களாம். "பட்டன் அமுக்குற வேலைதானப்பா, ஒரு மணி நேரத்துல பழகிரும்"னு சொல்றாங்க. அவ்வளவுதானா? காலையில எதெதைப் பார்க்கணும், எப்ப நிறுத்தணும், சம்பளம் பேசுறப்ப எதைக் கேக்கணும்? கடலோரம்ங்கிறதால தனியா ஏதும் இருக்கா?

ரசமட்டம்:
தம்பி, பட்டன் கடைசி வேலை. அதுக்கு முன்னாடி ஒன்றரை மணி நேர வேலை இருக்கு.

ஊர் ஊராப் போற ராட்டினங்கள்ல நிறைய, வெளி வளையத்துல ரப்பர் டயரை அழுத்தி உரசவிட்டுத்தான் சுத்தும். மார்கழிப் பனியும் உப்புக்காத்தும் ராத்திரி பூரா அந்த வளையத்துல படியும். காலையில தொட்டா பிசுபிசுன்னு இருக்கும். அப்படியே ஓட்டினா டயர் வழுக்கும். ஓடுறப்ப வழுக்கினா பெரிய ஆபத்து இல்ல, மோட்டார் மட்டும் சுத்தும். நிறுத்துறப்ப வழுக்குறதுதான் வினை, ஏன்னா பல ராட்டினத்துல பிடிச்சு நிறுத்துறதும் அதே டயர்தான். கொலம்பஸும் அப்படித்தான், படகோட அடிவயித்துல டயர். அங்க ஈரத்தோட மணலும் சேரும். காஞ்ச சாக்கால வளையத்தையும் டயரையும் துடைக்கணும். கிரீஸ் வச்ச கை அங்க படவே கூடாது. வெயில் ஏறினதும் ஆளில்லாம மூணு சுத்து ஓட்டி, ஒவ்வொரு தடவையும் நினைச்ச இடத்துல நிக்குதான்னு பாரு.

அடுத்தது போல்ட். நட்டு, போல்ட், தகடு மூணையும் சேர்த்து ஒரே பெயின்ட் கோடு இழுத்திருக்கணும். கோடு விலகியிருந்தா நட்டு திரும்பியிருக்கு. கோடே இல்லைன்னா முதல் நாளே போட்டுரு, பத்து ரூபா பெயின்ட்தான். வளைச்சு விடுற பின்னை ஒரு தடவை கழட்டினா திரும்பப் போடக்கூடாது, புதுசுதான். பின் இருக்க வேண்டிய ஓட்டையில கட்டுக்கம்பியோ ஆணியோ பார்த்தா, அந்தப் பெட்டியில ஆளை ஏத்தாம மேஸ்திரியைக் கூப்பிடு. வெல்டிங் ஓரத்துல பழுப்புத் தண்ணி வழிஞ்ச தடம் இருந்தாலும் அப்படித்தான். அது மேல்துருவாவும் இருக்கலாம், உள்ள விரிசலாவும் இருக்கலாம். பெயின்ட் அடிச்சு மறைக்கச் சொன்னா மறைக்காத.

உப்பைக் கழுவ நல்ல தண்ணி வேணும். இந்தப் பக்கம் பாதி போர் உவர்ப்பு. அதுல கழுவினா உப்பை உப்பால கழுவின கதைதான்.

மழை பெஞ்ச மறுநாள் அடிக்கட்டைகளைப் பாரு. மணல் அரிச்சு ஒரு பக்கம் இறங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ரசமட்டம் வச்சாத்தான் தெரியும்.

ஏத்துற வரிசை: 12 பெட்டின்னா 1, 7, 4, 10ன்னு எதிரெதிராப் போகணும். கூட்டம் தள்ளுதேன்னு அடுத்தடுத்த பெட்டியில ஏத்தினா ஒரு பக்கம் கனத்து, ராட்டினம் தானாச் சாயும். இறக்குறப்பவும் அதே கணக்குதான். அதைத்தான் எல்லாரும் மறந்துர்றாக.

வயர்மேன் கண்மாய்க்கரை:
கரண்ட் சமாச்சாரம் மட்டும் சொல்றேன்.

ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனியா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கான்னு பாருங்க. டெஸ்ட் பட்டனைத் தினமும் அமுக்குங்க. விழலைன்னா மாத்துற வரை ஓட்டாதீங்க. அடிக்கடி விழுதுன்னு அதைத் தாண்டி நேரா இணைப்புக் கொடுக்கிற ஆள் எல்லாத் திடல்லயும் ஒருத்தன் இருப்பான்.

காஞ்ச மணல்ல எர்த் பிடிக்காது. கம்பி ஈரமண் வரைக்கும் இறங்கணும். கேபிள் ஜாயின்ட் மணல்ல புதைஞ்சு கிடக்கக்கூடாது, கட்டை மேல தூக்கி வைங்க.

கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாத்தினதும் உடனே ஆளை ஏத்தாதீங்க. மூணு பேஸ்ல ரெண்டு இடம் மாறியிருந்தா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். வெறும் ஓட்டம் ஒண்ணு, அப்புறம்தான் டிக்கெட்.

மண்டபம் அக்கா:
இயந்திரத்தை மேலே சொல்லிவிட்டார்கள். நான் கூட்டத்தைச் சொல்கிறேன்.

இந்தப் பருவத்தில் வருபவர்கள் மூன்று விதம். பள்ளி விடுமுறைக் குடும்பங்கள், ராமேசுவரம் போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்கள், வடநாட்டு யாத்திரிகர்கள். பக்தர்கள் வெறுங்காலோடு வருவார்கள். இரும்புப் படியில் தூக்கி நிற்கும் தகட்டு முனையும் திருகும் அவர்கள் காலைத்தான் கிழிக்கும், ரப்பர் பாய் விரியுங்கள். வடநாட்டவருக்கு "பைட்டியே", "ருக்கியே", "ஹாத் அந்தர்" என்ற மூன்றும் போதும்: உட்காருங்கள், பொறுங்கள், கை உள்ளே.

கடலில் குளித்துவிட்டு நேராக ஓடி வருபவர்களை ஏற்றாதீர்கள். ஈரத் துணியும் பைபர் இருக்கையும் சேர்ந்தால், மடிக்கு முன்னால் பூட்டும் கம்பிக்கு அடியில் உடம்பு வழுக்கி இறங்கும், குழந்தைகள் இன்னும் எளிதாக. துவட்டி, மணலைத் தட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

துப்பட்டா, முந்தானை, விரித்த கூந்தல் மூன்றையும் ஏறுமுன்பே கட்டச் சொல்லுங்கள். உட்கார்ந்தபின் சொன்னால் பாதிப் பேர் செய்வதில்லை. பிள்ளைகளின் உயரம் அளக்கும் கோலைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள், வாசலில் நட்டுவிடுங்கள். கொலம்பஸில் சின்னப் பிள்ளைகள் நடு வரிசைதான். இரண்டு கோடிகளும்தான் மிக உயரம் போகும்.

கம்பியைப் பூட்டிவிட்டேன் என்று சொல்லும் ஆளும் பட்டனை அமுக்கும் ஆளும் ஒருவரையொருவர் பார்த்துக் கையை உயர்த்த வேண்டும். பாட்டுச் சத்தத்தில் வாயால் சொல்வது கேட்காது. ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று எண்ணாமல் அடுத்த சுற்றுக்கு வாசலைத் திறக்காதீர்கள்.

உச்சிப்புளித் தம்பி:
ரொம்ப நன்றி. ஜம்பிங் பலூனுக்கு நாலு மூலையிலயும் மூலைக்கொரு மணல் மூட்டை கட்டுவோம்னு சொன்னாங்க. போதுமாண்ணே? வாடைக்காத்து எப்ப அளவு மீறுதுன்னு எப்படித் தெரியும்?

ரசமட்டம்:
போதாது தம்பி. ஐரோப்பியத் தரவிதிப்படி பலூனைத் தரையோட பிடிச்சு வைக்கக் குறைஞ்சது ஆறு கட்டு, கட்டுக்கு 163 கிலோ தாங்கணும். சிமென்ட் சாக்குல மணல் நிரப்பினா 50 கிலோ சொச்சம் வரும். அப்ப கட்டுக்கு மூணு மூட்டை பட்டும் படாமத்தான் வரும், நான் நாலு வைப்பேன். ஆறு கட்டுக்கு 24 மூட்டை. முளை அடிச்சா மணல்ல நிக்காது, கையாலயே உருவிரலாம். மூட்டையைப் பாதி புதைச்சுக் கட்டு, இல்லன்னா இழுத்துக்கிட்டே நகரும்.

காத்து மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினா பலூன்ல ஒரு பிள்ளை இருக்கக்கூடாது. பெரிய ராட்டினங்களுக்குப் பொதுவா நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54. உன் ராட்டினத்தோட கையேட்டுல அதைவிடக் குறைவா இருந்தா அதுதான் கணக்கு. கையில பிடிக்கிற காத்துமானி ஒண்ணு வாங்கச் சொல்லு. இல்லாத நேரத்துல கடலைப் பாரு. அரியமான் வடகடல் பக்கம், மார்கழி வாடை நேரா முகத்துல அடிக்கும். கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை நுரையா உடைஞ்சா பலூன் மூடுற நேரம். பாம்பன்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டாங்கன்னா அன்னைக்கு முதலாளி முகத்தைப் பார்க்காத, வானத்தைப் பாரு. மின்னல் கண்டு 30 நொடிக்குள்ள இடி கேட்டா எல்லாத்தையும் நிறுத்து. கடைசி இடிக்கப்புறம் அரை மணி நேரம் காத்திரு.

பலூனுக்குக் காத்தடிக்கிற புளோயர் நின்னா காரணம் தேடாத. பிள்ளைகளை முதல்ல வெளிய எடு.

மண்டபம் அக்கா:
சம்பளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனமாகவும் மாதச் சம்பளம் 21,000-க்குள்ளும் இருந்தால் ஈஎஸ்ஐ எண் கேளுங்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான். வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. கடை, நிறுவனங்களில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தரச் சொல்லி 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது, ஸ்டூல் கேட்க வெட்கப்படாதீர்கள்.

பிரித்துக் கழற்றும் வேலைக்கு உயரத்தில் ஏறச் சொன்னால் முழு உடம்புக்கும் மாட்டும் பாதுகாப்புப் பெல்ட் இல்லாமல் ஏறாதீர்கள், அதுவும் ராத்திரியில். சம்பளத்தை வாரா வாரம் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். காணும் பொங்கல் ராத்திரியே ராட்டினம் லாரி ஏறிவிடும், பாக்கியை வாங்க எந்த ஊருக்குப் போவீர்கள்?