அமெரிக்காவில் பிஎச்டி: மனநலச் சிகிச்சைக்கு மலிவு பாலிசி போதுமா?

இளவேனில்: பல்கலைக்கழகக் காப்பீட்டுக்கு வேய்வர் (அதில் சேராமலிருக்க விலக்கு) வாங்கி, வெளியில் மலிவான பாலிசி எடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. எஃப்-1 மாணவர் விசாவுக்குக் காப்பீடு வேண்டும் என்று மத்திய விதி எதுவும் இல்லை. மன உளைச்சல் வந்தால் வளாகத்திலேயே கவுன்சலிங் சென்டர் இருக்கிறது. பெரும்பாலும் தனிக் கட்டணமும் கிடையாது.

நன்மாறன்: அங்கேதான் இடிக்கிறது. கவுன்சலிங் சென்டர் பொதுவாகக் குறுகிய காலத்துக்கு மட்டும்தான். தொடர் சிகிச்சை தேவைப்பட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். மலிவு பாலிசிகளில் பல, பயணக் காப்பீட்டு வகை. மனநலத்தையும் உடல்நலத்தையும் சமமாக நடத்தச் சொல்லும் 2008 சட்டம் அவற்றைத் தொடாது. விலக்குகள் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஊரில் மனச்சோர்வுக்கு எழுதிய ஒரு மருந்துச்சீட்டு இருந்தாலே 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று கிளெய்மைத் தள்ளிவிட வழியிருக்கும்.

இளவேனில்: பல்கலைக்கழக பாலிசியிலும் தலைவலி உண்டே! நெட்வொர்க் பட்டியலில், அதாவது காப்பீட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள சிகிச்சையாளர் பட்டியலில், உள்ளவரைக் கூப்பிட்டால் 'புதியவர்களை எடுப்பதில்லை' என்பார்கள். பட்டியலில் இல்லாத வெளியாளிடம் போனால்? பில் 200 டாலர், கம்பெனி ஏற்கும் தொகை 120 என்று வையுங்கள். அதில் 60 சதவீதம் தருவார்கள் என்றால் கைக்கு வருவது 72 டாலர், அதுவும் டிடக்டிபிள் (கம்பெனி தரத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை) தீர்ந்த பிறகு. மீதி 128 டாலரை ஸ்டைபெண்டிலிருந்து (பல்கலைக்கழக உதவித்தொகை) வாராவாரம் எப்படிக் கட்டுவது?

நன்மாறன்: கணக்கு சரிதான். ஆனால் கூப்பிட்ட ஒவ்வொருவரின் பெயர், தேதி, பதில் மூன்றையும் குறித்து வைத்து, கம்பெனியிடம் 'நெட்வொர்க் கேப் எக்ஸெப்ஷன்' (பட்டியலில் ஆள் கிடைக்காததால் தரும் விதிவிலக்கு) கேளுங்கள். கிடைத்தால் வெளியாளுக்கும் நெட்வொர்க் விகிதமே. சூப்பர்பில்லில் (கிளெய்முக்காகச் சிகிச்சையாளர் தரும் விவரமான ரசீது) நோய்க் குறியீடும் அமர்வுக் குறியீடும் இருக்கிறதா பாருங்கள்: 38 முதல் 52 நிமிடம் வரை 90834, அதற்கு மேல் 90837. ஒன்று விடுபட்டாலும் கிளெய்ம் திரும்பி வரும்.

பொன்னி: இரண்டு பேருமே லீவை மறந்துவிட்டீர்கள். எஃப்-1 மாணவர் மருத்துவக் காரணத்துக்காகப் பாடச்சுமையை முழுதாகக்கூடக் குறைக்கலாம். ஒரு பட்ட நிலைக்கு மொத்தம் 12 மாதம். மருத்துவரோ உரிமம் பெற்ற உளவியலாளரோ கடிதம் தர வேண்டும். கவுன்சலர் கடிதம் போதாது. டிஎஸ்ஓ (மாணவர் விசா விவகாரங்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அதிகாரி) அனுமதி கைக்கு வருமுன் பாடங்களைக் கைவிட்டால் விசா நிலைக்கே ஆபத்து. லீவில் காப்பீடு தொடருமா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

இளவேனில்: மருந்தோ சிகிச்சையோ தொடர்பவர்களுக்குப் பல்கலைக்கழக பாலிசிதான், ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு என் கருத்து மாறவில்லை.

நன்மாறன்: முதல் பதற்றத் தாக்குதல் மூன்றாம் ஆண்டில்கூட வரலாம், இளவேனில். வேய்வர் வாங்கியவர் வருட நடுவில் நினைத்தவுடன் பல்கலைக்கழகத் திட்டத்தில் சேர முடியாது. பெரும்பாலும் அடுத்த பதிவுக்காலம்வரை காத்திருக்க வேண்டும்.