1977 செவி கே10: டிஹெச்350-க்குப் பதில் 700ஆர்4 போட என்னென்ன மாற்ற வேண்டும்?

மலைப்பாதை77:

வணக்கம். வண்டி 1977 செவர்லே கே10. 350 இன்ஜின், டிஹெச்350 ஆட்டோமேட்டிக், அதன் பின்னால் என்பி203 ஃபுல்டைம் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). ஆக்சில் ரேஷியோ 3.73, டயர் 31 அங்குலம், கார்புரேட்டர் எடல்பிராக். 65 மைல் வேகத்திலேயே 2,600 ஆர்பிஎம்முக்கு மேல் போகிறது, சத்தமும் பெட்ரோல் செலவும் தாங்கவில்லை. ஓவர்டிரைவுக்காக (இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் கடைசி கியர்) 700ஆர்4 என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக் போடலாம் என்று இருக்கிறேன்.

எந்த வருடத்து யூனிட் வாங்கலாம்? 203-ஐ அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா? "700ஆர்4 சீக்கிரம் எரிந்துவிடும்" என்று பலரும் சொல்கிறார்களே, எதனால்?

இரும்புப்பெட்டி:

முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸை முடிவு செய்யுங்கள், கியர்பாக்ஸ் அதற்குப் பிறகுதான். டிஹெச்350-க்கும் 203-க்கும் நடுவில் இருக்கும் அடாப்டர் 700ஆர்4-இல் உட்காராது. இரண்டு கியர்பாக்ஸின் பின்முகமும் வேறு. 203-ஐக் காப்பாற்றச் செலவு செய்வதில் லாபமும் இல்லை, எப்போதும் முன் ஆக்சிலைச் சுற்றிக்கொண்டே இருக்கிற பெட்டி அது.

சுலபமான வழி, 80-களின் நடுவில் வந்த கே10 அல்லது கே5 பிளேஸரிலிருந்து 700ஆர்4, அடாப்டர், என்பி208 மூன்றையும் ஒரே செட்டாக எடுப்பது. 208-இன் முன் அவுட்புட்டும் உங்கள் ஆக்சிலைப் போல வலப்பக்கம்தான். லோ ரேஞ்ச் 2.61, உங்கள் 203-இல் 2.01. மலையேற நல்ல வித்தியாசம் தெரியும். 208 அலுமினியப் பெட்டி, செயினில் ஓடுவது. வாங்கும்போது உள்ளே ஷிப்ட் ஃபோர்க்கின் பிளாஸ்டிக் பேட் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். அதற்கு ஊற்ற வேண்டியது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), கியர் ஆயில் இல்லை.

பலமாக வேண்டும் என்றால் வார்ப்பிரும்பு என்பி205 இருக்கிறது, முழுக்கக் கியரில் ஓடுவது. அதற்கு வெளியில் செய்த அடாப்டர் வாங்க வேண்டும். 700-இன் ஃபோர்வீல் அவுட்புட் ஷாஃப்டில் 27 ஸ்ப்லைன் (ஷாஃப்டைச் சுற்றியுள்ள பல்). டிஹெச்400-உடன் வந்த 205 பெரும்பாலும் 32, அது சேராது. பல்லை எண்ணிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஒன்றைப் பலரும் மறந்துவிடுவார்கள். 203 வண்டியில் முன் வீலில் லாக்கிங் ஹப் (வீலை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்வது) இருக்காது, நிரந்தர டிரைவ் ஃபிளேஞ்ச்தான் இருக்கும். 208, 205 போன்ற பார்ட்டைம் (தேவைப்படும்போது மட்டும் ஃபோர்வீல்) டிரான்ஸ்ஃபர் கேஸ் போட்ட பிறகு மேனுவல் லாக்கிங் ஹப் போடாவிட்டால் முன் ஆக்சிலும் முன் ஷாஃப்டும் வீணாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டூவீல் டிரைவ் 700ஆர்4 மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அவுட்புட் ஷாஃப்ட் வேறு. அதை மாற்ற முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டும்.

நாலாம்கியர்:

வருடம் பற்றி: 700ஆர்4 1982-இல் வந்தது. ஆரம்பத்தில் இன்புட் ஷாஃப்ட் 27 ஸ்ப்லைன், பிறகுதான் 30 ஆனது. 27-ஐத் தொடவே வேண்டாம். 1987-க்குப் பிறகு வந்தவை உள்ளே நிறையச் சரிசெய்யப்பட்டவை, முடிந்தால் அதையே தேடுங்கள். டார்க் கன்வெர்ட்டரும் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது) அதே ஸ்ப்லைனுக்குப் பொருந்த வேண்டும். இன்ஜினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் ஃபிளெக்ஸ்பிளேட் மட்டும் இன்ஜினைப் பொறுத்தது. உங்கள் 77 இன்ஜினில் ரியர் மெயின் சீல் இரண்டு துண்டு. 86-க்குப் பிறகு வந்த ஒரே துண்டு சீல் இன்ஜினின் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கு பேலன்ஸ் வேறு, அதை மாட்டினால் நடுக்கம் வரும்.

ரேஷியோக் கணக்கு: 700-இல் 3.06, 1.63, 1.00, 0.70. டிஹெச்350-இல் முதல் கியர் 2.52தான். உங்கள் 3.73-க்கும் 31 அங்குல டயருக்கும் 65 மைலில் கணக்குப்படி 2,628 ஆர்பிஎம். ஓவர்டிரைவில் 1,840. நல்ல பொருத்தம். 3.08 ஆக்சில் என்றால் 1,500-க்கு இறங்கி இன்ஜின் திணறும், நாலாவது கியரே பயன்படாது. 33 அங்குல டயருக்குப் போகிற எண்ணம் இருந்தால் 4.10 யோசியுங்கள்.

700ஆர்4-இன் கேஸ் 23 3/8 அங்குல நீளம், டிஹெச்350-இன் கேஸ் 21 3/4. டிரான்ஸ்ஃபர் கேஸும் மாறுவதால் கிராஸ்மெம்பர் இடம் மாறும், இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டும் புது நீளத்துக்கு வெட்ட வேண்டும். வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது மட்டும் அளவெடுங்கள். ஜாக்கில் ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு தப்பாகத்தான் இருக்கும்.

பிரஷர்கேஜ்:

எரிந்துபோவது எதனால் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளால்தான்.

டிஹெச்350-இல் வேக்குவம் மாடுலேட்டர் லைன் பிரஷரை (கிளட்சுகளை இறுக்கிப் பிடிக்கும் ஆயில் அழுத்தம்) கவனித்துக்கொள்ளும். 700-இல் மாடுலேட்டரே கிடையாது. அந்த வேலையை கார்புரேட்டர் லீவரிலிருந்து வரும் டிவி கேபிள் செய்கிறது. இதைக் கிக்டவுன் கேபிள் என்று நினைப்பதுதான் தப்பு. பழைய டிஹெச்350 கேபிளையும் இதற்குப் பயன்படுத்த முடியாது. மாடுலேட்டருக்குப் போன வேக்குவம் ஹோஸை இன்ஜின் பக்கம் அடைத்துவிடுங்கள்.

குவாட்ராஜெட் கார்புரேட்டரின் லீவர் வளைவு இந்தக் கேபிளுக்குச் சரியாக இருக்கும். எடல்பிராக்கில் நேரே மாட்டினால், முழு த்ராட்டிலில் சரியாகத் தெரிந்தாலும் கால்வாசி த்ராட்டிலில் கேபிள் பின்தங்கிவிடும். அந்த நேரத்தில் பிரஷர் போதாமல் 3-4 கிளட்ச் பேக் வழுக்கும். மூன்றாவது கியருக்கும் நாலாவதுக்கும் அதே பேக்தான், அதனால் முதலில் கருகுவதும் அதுதான். எடல்பிராக்குக்கென்று டிவி கரெக்டர் பிராக்கெட் விற்கிறார்கள், அது இல்லாமல் ஓட்டாதீர்கள்.

அட்ஜஸ்ட்மென்ட்: இன்ஜின் ஆஃப். கேபிள் ஹவுசிங்கில் இருக்கும் சின்னப் பட்டனை அழுத்திப் பிடித்து, ஸ்லைடரை த்ராட்டில் லீவரை விட்டு விலகும் பக்கம் முட்டும்வரை உள்ளே தள்ளுங்கள். பட்டனை விடுங்கள். பிறகு லீவரைக் கையால் முழு த்ராட்டிலுக்குத் திருப்பினால் ஸ்லைடர் கடகடவென்று பல் பல்லாக நகர்ந்து தன் இடத்தில் நிற்கும். அடுத்து, ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்க, இன்னொருவர் லீவர் முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். கார்பெட் தடுத்தாலே இந்த அட்ஜஸ்ட்மென்ட் கெட்டுவிடும்.

இதோடு விடாமல் 300 பிஎஸ்ஐ கேஜை இடப்பக்க லைன் பிரஷர் போர்ட்டில் மாட்டுங்கள். சூடான ஐடிலில் சுமார் 60 பிஎஸ்ஐ. த்ராட்டில் லேசாக அசைந்த உடனே முள்ளும் ஏற வேண்டும். த்ராட்டில் நகர்ந்தும் முள் தூங்கினால் ஓட்டக் கூடாது, பிராக்கெட்டைத் திரும்பப் பாருங்கள்.

மலைப்பாதை77:

மிக்க நன்றி. 700, 208 செட்டையே தேடுகிறேன். லாக்கப் கன்வெர்ட்டருக்கு (வழுக்காமல் இன்ஜினோடு நேரடியாகப் பூட்டிக்கொள்ளும் கன்வெர்ட்டர்) கம்ப்யூட்டர் தேவையா? வயரை மாட்டாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்?

நாலாம்கியர்:

கம்ப்யூட்டர் வேண்டாம். ஆனால் மாட்டாமல் விடவும் கூடாது. லாக்கப் இல்லாமல் ஓவர்டிரைவில் ஓட்டினால் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், ஆயில் சூடேறும்.

இக்னிஷனிலிருந்து 12 வோல்ட், ஃபியூஸ், பிரேக் பெடல் ஸ்விட்ச், அதிலிருந்து கியர்பாக்ஸ் கனெக்டரின் ஏ முனை. பிரேக்கை மிதித்தால் கரன்ட் துண்டிக்கப்படும் ஸ்விட்சாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் சோலினாய்டின் கிரவுண்டை நாலாவது கியர் பிரஷர் ஸ்விட்ச் வழியாக எடுக்கும் கிட் கிடைக்கிறது. நாலாவதில் மட்டும் லாக் ஆகும், பிரேக் தொட்டால் விடுபடும். டாஷ்போர்டில் வெறும் டாகிள் ஸ்விட்ச் வைத்தால், ஆஃப் செய்ய மறந்து நிறுத்தும்போது இன்ஜின் அணைந்துவிடக்கூடும்.

இரும்புப்பெட்டி:

மாட்டும்போது: கன்வெர்ட்டரைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளினால் மூன்று முறை "டக்" என்று இறங்க வேண்டும். பிறகு பெல்ஹவுசிங் கையால் தள்ளியே இன்ஜின் பிளாக்கோடு ஒட்ட வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்காதீர்கள், பம்ப் உடைந்துவிடும். ஒட்டிய பிறகு கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

ரேடியேட்டர் கூலர் லைனை இரண்டு பக்கமிருந்தும் ஃபிளஷ் செய்யுங்கள். பழைய கிளட்ச் தூள் புதுப் பெட்டிக்குள் போனால் வால்வு சிக்கும். தனியாக ஒரு வெளிக் கூலரும் போடுங்கள். கேஸில் கீழ் போர்ட் கூலருக்குப் போவது, மேல் போர்ட் திரும்பி வருவது. டிப்ஸ்டிக் டியூப் 700-க்கு உரியதாக இருக்க வேண்டும்.

ஆயில்: ஸ்டார்ட் செய்யும் முன் 5 குவார்ட். இன்ஜினை ஓடவிட்டு உடனே சேர்த்துக்கொண்டே வாருங்கள். கன்வெர்ட்டரும் காலியாக இருந்தால் மொத்தம் சுமார் 11 குவார்ட் போகும். பிரேக்கை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்து, சூடானதும் பார்க்கில் வைத்து இன்ஜின் ஓடும்போதே அளவு பாருங்கள்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவது. 208 வந்த வண்டியின் ஆக்சிலும் டயரும் வேறு என்றால் அதிலுள்ள சின்ன பிளாஸ்டிக் கியரை மாற்றாமல் வேகம் சரியாகக் காட்டாது.