கொடிவழியா, கோட்டுருவா? இரண்டு தரவு மாதிரிகளுக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

தரவுகளை அவற்றின் தொடர்புகளோடு சேமிக்கும் கிராஃப் டேட்டாபேஸுக்கு ‘வரைபடத் தரவுத்தளம்’, ‘பின்னல்’ என்ற சொற்களும், தரவுகளை மேலிருந்து கீழாகக் கிளைகளாக அடுக்கும் ஹைரார்க்கிக்கல் மாதிரிக்குப் ‘படிநிலை’ என்ற சொல்லும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இவற்றில் ‘வரைபடத் தரவுத்தளம்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வரைபடம் என்றதும் பள்ளிச் சுவரில் தொங்கிய இந்திய வரைபடம்தான் நம் மக்களுக்கு நினைவுக்கு வரும். இங்கே படமே இல்லை; எது எதனோடு எப்படித் தொடர்புடையது என்பதைத்தான் சேமிக்கிறோம். கணிதத்தில் ‘கோட்டுருவியல்’ ஏற்கெனவே புழங்குகிறது. 1736இல் கணித அறிஞர் ஆய்லர், கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றை ஒருமுறை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்று ஆராய்ந்தபோது பிறந்த கருத்துதான் நியோ4ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸ் மென்பொருளுக்கும் அடிப்படை. கருத்து ஒன்றாக இருக்கத் துறைக்கொரு சொல் எதற்கு? ‘கோட்டுருத் தரவுத்தளம்’ என்றே வைத்துக்கொள்வோம். ‘பின்னல்’ இனிய சொல்தான். ஆனால் கணினித் தர நெறிகளை வகுத்த கோடாசில் குழு 1969இல் முன்வைத்த நெட்வொர்க் மாதிரி என்ற வேறொரு தரவு மாதிரியை ‘வலைப்பின்னல்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் குழம்பிவிடும்.

எனக்கு உண்மையான மனக்குறை ‘படிநிலை’யில்தான். அது பதவிகளின் ஏற்றத்தாழ்வைச் சொல்லும் சொல். ஹைரார்க்கிக்கல் மாதிரியில் அமைந்த ஐபிஎம்மின் ஐஎம்எஸ் என்ற தரவுத்தள மென்பொருள், அப்பல்லோ திட்டத்தின் சாட்டர்ன் 5 ஏவூர்திக்கான உதிரிபாகப் பட்டியலைக் கையாள 1960களில் உருவானது. ஏவூர்திக்குள் எந்திரம், எந்திரத்துக்குள் பம்பு. எது பெரியது என்பதல்ல, எது எதற்குள் அடங்கும் என்பதே அங்கே கேள்வி. அந்த மாதிரியின் உயிரான விதி, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே தாய்ப்பதிவு, அதாவது அதற்கு நேர் மேலே ஒரே பதிவு, என்பது. ‘கொடிவழி மாதிரி’ என்றால் அந்த விதி சொல்லிலேயே தெரியும். கொடி கிளைக்கும், கிளைகள் மீண்டும் கூடுவதில்லை.

தந்தைவழியை மட்டும் எழுதும்வரை குடும்பமும் கொடியாக இறங்கும். தாய்மாமன் மகளை மணந்தவரை அதில் சேர்த்துப் பாருங்கள். மாமனும் மாமனாரும் ஒருவரே ஆகிவிடுகிறார். அவரை இரண்டு இடங்களில் எழுத வேண்டும். ஓரிடத்தில் முகவரியைத் திருத்தினால் மற்றோரிடத்தில் பழையதே நிற்கும். கோட்டுருவில் அவர் ஒரே புள்ளி. உறவுகள் மட்டுமே இரண்டு. மாறாக, மாவட்டம், வட்டம், குறுவட்டம், வருவாய்க் கிராமம் என்ற அடுக்குக்குக் கொடிவழியே போதும். ஒரு கிராமம் இரண்டு வட்டங்களில் இருக்காது. அங்கே கோட்டுருவைக் கொண்டுவருவது வீண் சுமை.

உறுப்புகளின் பெயர்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நோட் என்பதற்குச் சொல்லப்படும் ‘கணு’ மூங்கிலுக்கும் கரும்புக்கும் உரியது. கீழிருந்து மேலே வளர்வது. ஆகவே அது கொடிவழிக்குப் பொருந்தும். கோட்டுருவில் மேல் கீழ் இல்லை. எத்தனை இழைகளும் ஓரிடத்தில் கூடலாம். அதற்கு ‘முடிச்சு’ பொருத்தம். நோட் என்பதன் லத்தீன் மூலத்துக்கும் முடிச்சு என்பதே பொருள். எட்ஜ் என்பதை ‘விளிம்பு’ என்று பெயர்ப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். கனசதுரத்துக்கு விளிம்பு உண்டு. இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே இருப்பது ‘இழை’.

ஒருவழி மட்டுமே செல்லும் இழைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘திசை இழை’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. நெசவு அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

அன்புடன்.