ஆக்சர், பவுன்ஸ், டபுள்: குழந்தைகள் குதிரையேற்ற வகுப்பில் வரும் தாண்டல் சொற்கள், விளக்கம் தேவை

கேள்வி: யார்க்‌ஷயர் அம்மா

என் மகளுக்கு 9 வயசு. இங்கிலாந்துல ஒரு குதிரையேற்றப் பள்ளியில வாரம் ஒரு வகுப்பு. ட்ராட் (துள்ளு நடை), கான்டர் (மெதுவான பாய்ச்சல் ஓட்டம்) வரைக்கும் எனக்குப் புரிஞ்சுது. தாண்டல் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அவ சொல்றது ஒண்ணும் பிடிபடல. போன வாரம் சொன்னதை அப்படியே எழுதறேன்: "பிளேசிங் போல் வச்சு கிராஸ் போல், அப்புறம் ஒரு பவுன்ஸ், கடைசியா ஒன்-ஸ்ட்ரைட் டபுள், அதுல ரெண்டாவது ஆக்சர். போனி சிப் பண்ணிடுச்சு, நான் லெஃப்ட் பிஹைண்ட் ஆயிட்டேன்."

யூட்யூபில் தேடினா வெர்டிகல், கிராஸ் ரெயில், டூ-பாயின்ட்னு வேற பேருங்க வருது. இதெல்லாம் வேறயா, ஒண்ணா?

இன்னொரு அவசரமான சந்தேகம். பயிற்சியாளரை வச்சுக்கிட்டே வெளியில ஒரு மைதானத்துல தடை போட்டோம். ஒரு வீடியோவில் சொன்னபடி ரெண்டு தடைக்கும் நடுவுல 24 அடி அளந்து வச்சது நான்தான். போனியோட உயரம் 12.2. கான்டர்ல வந்து, நடுவுல ரெண்டு குட்டி ஸ்ட்ரைட் (கான்டர் தாவல்) வச்சு, ரெண்டாவது தடையை நெஞ்சால தள்ளிடுச்சு. அடுத்த தடவை நின்னே போச்சு. தடையோட உயரம் வெறும் 50 செ.மீ. அதை இன்னும் குறைக்கணுமா?

பதில்: லாயம்

உயரத்தைத் தொடாதீர்கள். இடைவெளிதான் தப்பு. அந்தக் கணக்கை அடுத்த பதிலில் கடிவாளம் எழுதுவார், நான் சொற்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நீங்கள் பார்த்தவை அமெரிக்க வீடியோக்கள். பிரிட்டனில் அப்ரைட் என்பது அங்கே வெர்டிகல். கிராஸ் போல், கிராஸ் ரெயில் ஆகிவிடும். கம்புகளைத் தாங்கும் பக்கச் சட்டத்துக்கு இங்கே விங், அங்கே ஸ்டாண்டர்டு. சேணத்திலிருந்து லேசாக எழும்பி நிற்பதை லைட் சீட் அல்லது ஜம்பிங் பொசிஷன் என்று உங்கள் பயிற்சியாளர் சொல்வதைத்தான் அவர்கள் டூ-பாயின்ட் என்கிறார்கள். பொருள் ஒன்றே.

கிராஸ் போல்: இரண்டு கம்புகளைப் பெருக்கல் குறி மாதிரி போடுவது. ஒவ்வொரு கம்பின் ஒரு முனை தரையில், மறு முனை 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், நடுவில் தாண்ட வேண்டிய உயரம் 30 செ.மீ. தான். ஓரம் உயரமாகவும் நடு தாழ்வாகவும் இருப்பதால் குதிரை தானாக நடுவுக்கு வரும். குழந்தைகளுக்கு முதலில் இதைக் கொடுப்பதற்கு அதுவே காரணம்.

அப்ரைட்: எல்லாக் கம்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே செங்குத்துத் தளத்தில். அகலமே இல்லை. பார்வைக்கு எளிது, ஆனால் எங்கிருந்து எம்ப வேண்டும் என்று குதிரைக்குச் சொல்லும் அடையாளம் இதில் மிகக் குறைவு. வேகமாக வந்தால் கம்பு விழும்.

ஆக்சர்: இரண்டு அப்ரைட்டை முன்னும் பின்னுமாக வைத்து அகலம் கொடுத்த தடை. மாடுகள் வேலியை முட்டித் தள்ளாமல் இருக்க, இங்கிலாந்தில் புதர்வேலிக்குச் சற்றுத் தள்ளி ஒரு கம்பு கட்டுவார்கள். அந்த ஆக்ஸ் வேலியிலிருந்து வந்த பெயர் இது. குழந்தைகளுக்குப் போடும்போது மூன்று விஷயம் கட்டாயம். முன் கம்பு பின் கம்பைவிட ஒரு 10 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். பின்னால் ஒரே ஒரு கம்புதான், அதற்கு சேஃப்டி கப் (கப் என்பது விங்கில் கம்பைத் தாங்கும் பிடி). மேலிருந்து எடை விழுந்தால் அது கழன்றுகொள்ளும். அகலம் உயரத்தைத் தாண்டக் கூடாது. பின் கம்பு முன் கம்பைவிடத் தாழ்ந்து போனால் வரும் பக்கத்திலிருந்து குதிரைக்கு அது தெரியாது, அதன் மேலேயே இறங்கும். ஆகவே ஏறுமுக ஆக்சரை ஒரே திசையிலிருந்து மட்டும் தாண்ட வேண்டும்.

பிளேசிங் போல் என்பது தடைக்கு முன் தரையில் கிடக்கும் கம்பு. குதிரை அதைக் கடந்ததும் சரியான இடத்தில் எம்பும்படி வைப்பது. ட்ராட்டில் வரும் பெரிய குதிரைக்கு 2.4 முதல் 2.7 மீட்டர், உங்கள் போனிக்கு 2 மீட்டரை ஒட்டி.

ஃபில்லர் என்றால் கம்புகளுக்குக் கீழே வைக்கும் வண்ணப் பலகை. உயரம் மாறாவிட்டாலும் பழக்கமில்லாத குதிரை அதைப் பார்த்து மிரளும்.

பதில்: கடிவாளம்

தாண்டல் சொற்களில் பாதி இடைவெளியைப் பற்றியவை. ஸ்ட்ரைட் எண்ணிக்கை என்று வந்தால், இறங்கியதற்கும் மறுபடி எம்புவதற்கும் நடுவே வைக்கும் முழு கான்டர் ஸ்ட்ரைட்களை மட்டும் எண்ணுவார்கள். தாண்டும் பாய்ச்சல் கணக்கில் வராது.

நடுவில் ஸ்ட்ரைட்டே இல்லாமல் இறங்கியவுடன் எம்பினால் பவுன்ஸ். நடுவில் ஒன்று வைத்தால் ஒன்-ஸ்ட்ரைட் டபுள். மூன்று தடை சேர்ந்தால் ட்ரெபிள். இவற்றுக்குப் பொதுப்பெயர் காம்பினேஷன். போட்டியில் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு ஒரே தடையாகக் கணக்கு வைப்பார்கள். பி-யில் நின்றுவிட்டால் ஏ-யிலிருந்து மறுபடி தாண்ட வேண்டும். அதைவிடத் தள்ளி, மூன்று முதல் ஐந்து, ஆறு ஸ்ட்ரைட் வரை இருந்தால் ரிலேட்டட் டிஸ்டன்ஸ்.

இப்போது உங்கள் 24 அடி. பெரிய குதிரையின் கான்டர் ஸ்ட்ரைட் 12 அடி என்று வைத்துப் போட்ட கணக்கு அது: இறங்க 6, ஸ்ட்ரைட் 12, எம்ப 6. காலால் அளப்பவர்கள் தங்கள் எட்டை 3 அடிக்குப் பழக்கி வைத்திருப்பார்கள். மொத்த எட்டுகளை நான்கால் வகுத்து ஒன்றைக் கழித்தால் ஸ்ட்ரைட் எண்ணிக்கை. 8 எட்டுக்கு ஒன்று, 20 எட்டுக்கு நான்கு.

உங்கள் போனிக்கு இது ஒத்துவராது. 12.2 என்பது தசம எண் அல்ல; 12 கை, 2 அங்குலம். ஒரு கை 4 அங்குலம், ஆக 50 அங்குலம், 127 செ.மீ. (12.3-க்கு அடுத்தது 13.) இந்த உயரப் போனி சின்னத் தடைகளில் ஒரு ஸ்ட்ரைட்டுக்கு 3 மீட்டரோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் கடக்கும். இறங்கவும் எம்பவும் தலா 1.4 மீட்டர் சேர்த்தால் 5.8. நீங்கள் வைத்தது 7.3. மிச்சம் ஒன்றரை மீட்டர், அதாவது அரை ஸ்ட்ரைட். நீட்டி எம்பினால் தொலைவு, இன்னொன்று வைத்தால் நெருக்கம். அது இன்னொன்றைச் செருகியது. அப்படிச் செருகுவதுதான் சிப். தடையின் அடியில் போய் மாட்டிக்கொண்டால் முன்காலை மடக்க இடம் இருக்காது, நெஞ்சு கம்பில் படும். ஒரு தடவை பட்ட போனி அடுத்த தடவை நிற்பது இயல்பு, அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கான்டரில் வந்தால் 5.5 முதல் 6 மீட்டருக்குள் தொடங்குங்கள். ட்ராட்டில் வந்தால் 5 மீட்டரை ஒட்டி, ஏனென்றால் முதல் தடைக்குப் பின் கிட்டத்தில் இறங்கும். ட்ராட்டில் வரும் பவுன்ஸுக்கு 2.5 முதல் 2.75, ட்ராட்டிங் போல்களுக்கு நடுவே 0.9 முதல் 1.1 மீட்டர். இவை தொடக்க அளவு மட்டுமே. ஒருவர் பக்கவாட்டில் நின்று குளம்பு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு தடைகளின் நட்டநடுவில் ஸ்ட்ரைட் விழுந்தால் சரி. இரண்டாவதை ஒட்டி விழுந்தால் 20 செ.மீ. தள்ளி வையுங்கள், முதல் தடையை ஒட்டி விழுந்தால் கிட்டே கொண்டுவாருங்கள். ஆள் எட்டு வேண்டாம், டேப் வைத்து அளங்கள்.

யார்க்‌ஷயர் அம்மா

ரொம்ப நன்றிங்க. 5.7 மீட்டர் வச்சதும் போனி ஒரே ஸ்ட்ரைட்ல போயிடுச்சு. ஆனா ஒரு பக்கத்துல இருந்து வந்தா ஒழுங்கா தாண்டுது, திசை மாத்தி வந்தா அதே அப்ரைட்ல தயங்குது, ரெண்டு தடவை விலகி ஓடிடுச்சு. தடைக்குக் கீழ தரையில ஒரு கம்பு கிடக்கு, அதை நகர்த்தல. அதுனாலயா?

பதில்: லாயம்

அதுவேதான். தரையில் கிடப்பது கிரவுண்ட் லைன். குதிரை தடையின் அடிப்பகுதியைப் பார்த்துத்தான் எம்பும் இடத்தைக் கணிக்கும். கண்கள் தலையின் பக்கங்களில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னும் கீழும் அதற்குப் பார்வை இல்லை, கடைசி நேரத்தில் தடை மறைந்துவிடும். அதனால் முன்கூட்டியே கிடைக்கும் அந்தக் கோடு முக்கியம். வரும் பக்கத்தில் 15 முதல் 30 செ.மீ. முன்னால் அது இருக்க வேண்டும். திசை மாற்றியதும் அந்தக் கம்பு தடைக்குப் பின்னால் போய்விட்டது. தடை இன்னும் தள்ளி இருப்பதாக நினைத்து குதிரை கிட்டே வந்துவிடும். இதற்கு ஃபால்ஸ் கிரவுண்ட் லைன் என்று பெயர். திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் கம்பை மறுபக்கம் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போடுங்கள்.

கம்பு இல்லாத காலி கப் எதுவும் விங்கில் இருக்கக் கூடாது. விழும் குழந்தையின் முகமோ முழங்காலோ அதில் இடிக்கும். கழற்றித் தனியே வையுங்கள்.

பதில்: சேணம்

மகள் சொன்னதுல மிச்சம் இருக்கறது இது. தடை முன்னாடி நின்னா ரெஃப்யூசல், பக்கவாட்டுல விலகி ஓடினா ரன்-அவுட். போனி எம்பும்போது குழந்தையோட உடம்பு கூடவே முன்னால போகாம பின்னால தங்கிட்டா லெஃப்ட் பிஹைண்ட். அப்போ கை தானா கடிவாளத்தை இழுக்கும், போனிக்கு வாயில வலிக்கும், அடுத்த தடையில தயங்கும். கழுத்துப் பட்டையையோ, கழுத்தோட பாதி தூரத்துல பிடரியையோ பிடிக்கச் சொல்லுங்க. கையைப் பிடரி மேல ஊன்றி முன்னால விடறதுக்குத்தான் கிரெஸ்ட் ரிலீஸ்னு பேரு. அங்கவடியை ரெண்டு துளை மேல ஏத்திக்கட்டினா இடுப்பு சேணத்துல இருந்து லேசா எழும்பும், குதிகால் கீழே இறங்கும்.

ரன்-அவுட்டுக்கு முதல்ல பார்க்க வேண்டியது தடைக்கு வர்ற கோடு. வளைவை முடிச்சு நேரா குறைஞ்சது நாலு ஸ்ட்ரைட் கிடைக்கணும். சிவப்புக் கொடி வலது கைப்பக்கம், வெள்ளை இடது கைப்பக்கம், அதுக்கு நட்டநடுவுல. கண் தடையைத் தாண்டி அதுக்கு அப்பால இருக்கற ஒரு மரத்துலயோ வேலித்தூண்லயோ நிலைச்சிருக்கணும். குழந்தை குனிஞ்சு கம்பைப் பார்த்தா தோள் முன்னால சாயும், போனிக்கு ஓட வழி கிடைச்சுடும்.

வலது பக்கமே ஓடுதுன்னா இடது கடிவாளத்தைத் திறந்து பிடிக்கணும், வலது கால் போனியோட வயித்துப் பட்டைகிட்ட அணைஞ்சு இருக்கணும். ஓடினதுக்கு அப்புறம் அது ஓடின பக்கமாவே சுத்தி வரவிடாதீங்க. நிறுத்தி, எதிர்ப் பக்கமா திருப்பி, ட்ராட்ல மறுபடி கொண்டு வரச் சொல்லுங்க. அப்ரைட்டை எடுத்துட்டு அதே இடத்துல கிராஸ் போல் போட்டு ரெண்டு தடவை நடுவுல போனதும் பழைய கம்பை ஏத்துங்க.