பக்கத்துத் தறிக் குடோனுக்கு ராத்திரி எத்தனை டெசிபல் என்று எழுதிக் கொடுப்பது?

பல்லடத்துப் பொண்ணு:

பல்லடம் பக்கம் கிராமம் எங்களுக்கு. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள்தான் நான். அப்பா முப்பது வருஷம் கூலித் தறி ஓட்டினார். இன்றைக்கு அவர் காதருகே குனிந்து பேசினால்தான் கேட்கிறது. தறிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குக் கிழக்கே, நாலடிச் சந்து தாண்டி, முன்பு 8 நாடா தறி ஓடியது. ராத்திரி 9 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். போன ஆடிக்கு அப்புறம் குடோனை நீட்டி 24 தறி ஆக்கிவிட்டார்கள், ராத்திரி ஷிப்டும் வந்துவிட்டது. சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி ஓயாமல் கிணுகிணுக்கின்றன. நடுவில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் செருகி வைத்திருக்கிறேன். கிழக்குச் சுவரில் கை வைத்தால் அதிர்வது தெரியும். பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். விடிகாலை எழுந்து படிக்கலாம் என்று சீக்கிரம் படுப்பாள், ஒரு மணிக்கும் விழித்துக்கொண்டுதான் கிடப்பாள்.

செல்போன் ஆப்பில் ராத்திரி 11 மணிக்கு ஜன்னலுக்கு வெளியே 62 காட்டுகிறது. ஞாயிறு தறி லீவு. அதே இடம், அதே நேரம், 41.

ஓனரிடம் பேசினோம். தன்மையான மனிதர். "எத்தனை டெசிபல்னு எழுதிக் குடுங்க, கட்டுப்படறேன்" என்றார். பஞ்சாயத்தில் ஒருவர், 75 வரை சட்டமே விடுகிறது என்கிறார். அது சரியா? கிராம சபைக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன எண் போடுவது?

ரிட்டயர்டு இன்ஜினியர்:

அம்மா, 75 என்பது தொழிற்பகுதிக்கு, அதுவும் பகலுக்கு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் நான்கு வகை இடங்கள் உண்டு. தொழிற்பகுதி பகல் 75, இரவு 70. வணிகப் பகுதி 65, 55. குடியிருப்பு 55, 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிய அமைதி மண்டலம் 50, 40. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 வரை.

ஆகவே எண்ணுக்கு முன்னால் உங்கள் தெரு எந்த வகை என்பதைக் கேளுங்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவு 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம் என்கிறது விதி. குடியிருப்பு என்றால் 45உம் 10உம் 55, உங்கள் 62 தாண்டிவிட்டது. கலப்புப் பகுதி என்று சொல்லி வணிகக் கணக்கில் சேர்த்துவிட்டால் 55உம் 10உம் 65. அதே 62, அதே தூக்கம் கெட்ட பெண், ஆனால் புகாருக்கு இடமில்லை. என் வேலைக்காலத்தில் இப்படி நின்றுபோன மனுக்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

இன்னொன்று. விதியில் உள்ளது சராசரி அளவு. 'ராத்திரி 2 மணிக்கு நிறுத்திவிடுகிறேன்' என்றால் இரவின் பாதி நேரம்தான் ஓட்டம், ஆனால் சராசரி 62லிருந்து 59க்குத்தான் இறங்கும். டெசிபல் கணக்கில் சத்தம் பாதியானால் 3தான் குறையும். தறியைப் பாதியாக்கினாலும் அதே 3 டெசிபல்தான். 24ல் ஒன்றே ஒன்று ஓடினாலும் ஏறக்குறைய 48. அதனால் எண்ணிக்கையில் பேரம் பேசாதீர்கள், சுவரைப் பற்றிப் பேசுங்கள்.

45 என்றே எழுதுங்கள். படுக்கையறைக்கு வெளியே இரவில் 45 என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 1999ல் சொன்னது. அளக்கும் இடம் உங்கள் ஜன்னல் என்று சேர்த்து எழுதுங்கள். அதை எழுதாவிட்டால் குடோனின் கிழக்கு வாசலில் மீட்டர் வைப்பார்கள். ஆப்பை அதிகாரிகள் ஏற்க மாட்டார்கள், ஆனால் ஞாயிறுக்கும் மற்ற நாளுக்கும் 21 வித்தியாசம் என்பதை ஓனருக்குக் காட்ட அது போதும்.

சோமனூர் தறிக்காரர்:

அம்மணி, நானும் இந்தப் பேச்சு வாங்கியவன்தான். எனக்கு 16 தறி. சத்தம் போகிற வழி ரெண்டு. ஒன்று, சந்துப் பக்க ஜன்னலும் சுவருக்கும் கூரைச் சிமெண்ட் சீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, இடைவெளியையும் பூசி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் புதுசாகத் திறந்தேன். வெறுமனே அடைத்தால் ஆகாது. உள்ளே வெக்கை ஏறி ஈரப்பதம் போனால் பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அறும்.

ரெண்டாவது தரை. உங்கள் தட்டு கிணுகிணுப்பது அதனால்தான். குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா அடிக்கிற அடி ஒவ்வொன்றும் தறிக் காலில் இறங்கி, தரை வழியாகச் சுவருக்கு வருகிறது. டெசிபல் எழுதினால் அது அடங்காது. தறிக் காலுக்கு ரப்பர் பேட் என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். ராத்திரி ஷிப்டுக்குச் சந்தை ஒட்டிய வரிசையை நிறுத்தி, தள்ளி இருக்கிற வரிசையை ஓட்டச் சொல்லுங்கள்.

தறி ஓட்டுகிறவன்:

உள்ளே நிற்கிற எங்களையும் நினையுங்கள் அக்கா. ஜன்னலை அடைத்தால் சத்தம் உள்ளேயே சுற்றும், எங்களுக்குக் கூடும். தொழிற்சாலை விதியில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை. பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காமல் கை ஜாடையில்தான் பேசிக்கொள்கிறோம். நெய்த துணிக்கு மீட்டர் கணக்கில்தான் கூலி, ராத்திரி ஷிப்டை ஒரேயடியாக நிறுத்தினால் வீட்டில் அடுப்பு எரியாது.

பல்லடத்துப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. தம்பி எழுதியதைப் படித்ததும் அப்பா முகம்தான் வந்தது. உங்களை விட்டுவிட்டு எழுத மாட்டேன்.

இப்போது மனு இப்படி நிற்கிறது: எங்கள் தெருவைக் குடியிருப்பு என்று பதிய வேண்டும். இரவு 10 முதல் 6 வரை என் கிழக்கு ஜன்னலுக்கு வெளியே 45. சந்துப் பக்கம் அடைப்பு, எதிர்ப்பக்கம் காற்று வழி. எல்லாத் தறிக் காலுக்கும் ரப்பர் பேட். ஆட்களுக்குக் காதடைப்பான், கூரைக்கு உள்ளே சத்தம் உறிஞ்சும் தட்டி. ராத்திரி ஷிப்டு தள்ளி இருக்கிற வரிசையில் மட்டும்.

ஓனர் படித்துப் பார்த்தார். ரப்பர் பேடுக்கு உடனே சரி என்றார், கூரைத் தட்டிக்கு யோசிக்கிறேன் என்றார். சோமனூர் அண்ணா, பேட் எத்தனை மாதம் தாங்கும்? தேய்ந்துவிட்டது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதையும் மனுவில் சேர்த்துவிடுகிறேன்.