முதுகு வலிக்கு அஷ்டாங்க யோகாவா, ஐயங்கார் முறையா?

தாமிரபரணி: வயது 46. வங்கி வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். கீழ் முதுகில் ஒரு வருடமாகப் பிடிப்பு. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, யோகா செய்யுங்கள் என்றார். எங்கள் பக்கம் இரண்டு வகுப்புகள் இருக்கின்றன: அஷ்டாங்க வின்யாசம், பி.கே.எஸ். ஐயங்காரின் முறை. எதில் சேரலாம்?

சூரியகலை: அஷ்டாங்கத்தில் சேருங்கள் சார். மைசூர் பட்டாபி ஜோயிஸ் பரப்பிய முறை. ஆசனங்களின் வரிசை மாறாது, மூச்சும் அசைவும் சேர்ந்தே போகும், சூரிய நமஸ்காரத்திலேயே வியர்த்துக் கொட்டும். உட்கார்ந்தே இறுகிப்போன உடம்புக்கு அந்தச் சூடு வேண்டும். ஐயங்கார் வகுப்பில் கட்டை, கயிறு, நாற்காலி என்று அடுக்கி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும்.

நிதானம்: அந்தக் கட்டையைக் குறைத்துப் பேசாதீர்கள். கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் தொடையின் பின்பக்கம் இறுகியவர் எப்படியாவது தரையைத் தொடப் பார்ப்பார். முதுகு கூனும், மார்பு தரையைப் பார்த்துத் திரும்பிவிடும். கணுக்கால் பக்கத்தில் கட்டையை நிறுத்தி அதன்மேல் கை ஊன்றச் சொல்லுங்கள். இரண்டு விலாவும் ஒரே அளவு நீளும். இடுப்பிலிருந்து சாய்வது எப்படி என்று உடம்புக்கு அப்போதுதான் பிடிபடும். அஷ்டாங்க முதல் வரிசையில் பெரும்பாலும் முன்னால் குனிவதுதான். முதுகு வலியோடு வருகிறவரை அதில் இறக்கிவிடலாமா?

சூரியகலை: யாரையும் அப்படி இறக்கிவிடுவதில்லை. மைசூர் முறையில் அவரவர் மூச்சின் வேகத்தில்தான் செய்வார்கள். ஒரு ஆசனம் கைவந்த பிறகே அடுத்தது. புதிதாக வருகிறவர் ஆரம்பத்தில் சூரிய நமஸ்காரத்தோடு வீட்டுக்குப் போவார். ஐயங்காரும் ஜோயிஸும் ஒரே குருவிடம் படித்தவர்கள்தானே, கிருஷ்ணமாச்சாரியாரிடம்?

நிதானம்: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். 1930களில் மைசூர் அரண்மனையில் அவர் துள்ளலும் தாவலுமாகச் சொல்லிக்கொடுத்தது இளம் பையன்களுக்கு. பிறகு சென்னைக்கு வந்து, ஒவ்வொருவரின் வயதையும் நோயையும் பார்த்துத் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்தார். மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய ‘கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம்’ என்ற யோகா நிலையமும் அதே வழியில் வந்ததுதான். குருவே ஆளுக்குத் தக்கபடி மாற்றியிருக்கும்போது, 46 வயதுக்காரருக்கு ஏன் அந்தப் பையன்களின் பாடம்?

இயன்முறை: பிசியோதெரபிஸ்ட்டாகச் சொல்கிறேன். நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு முதலில் மருந்தில்லாச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் யோகாவும் இருக்கிறது. பலன் உண்டு, ஆனால் அளவானது. மற்ற உடற்பயிற்சிகளைவிட யோகா மேல் என்று காட்ட நல்ல ஆதாரம் இல்லை; இந்த முறை அந்த முறையைவிட மேல் என்பதற்கும் இல்லை. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ வகுப்பை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சூரியகலை: ஆய்வு அப்படியே இருக்கட்டும் சார். வரிசை மனதில் பதிந்துவிட்டால் ஆசிரியர் இல்லாமல் வீட்டிலேயே தினமும் செய்யலாம். கட்டை, கயிறு தேட வேண்டியதில்லை. விடாமல் செய்தால்தானே எந்தப் பலனும்?

இயன்முறை: அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைகீழ் ஆசனங்களில் கவனம் வேண்டும். சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கிளாக்கோமா, அதாவது கண் நரம்பைப் பாதிக்கும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது.

தாமிரபரணி: என் அம்மாவுக்குக் கிளாக்கோமா இருக்கிறது. எனக்குக் கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லை. நானும் பார்க்க வேண்டுமா?

இயன்முறை: கட்டாயம். பெற்றோருக்கு இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம், ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. சேருவதற்கு முன்பே கண் டாக்டரைப் பாருங்கள். கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக ஸ்வானாசனத்திலும் அழுத்தம் ஏறும். சூரிய நமஸ்காரத்தில் அது திரும்பத் திரும்ப வரும்.

நிதானம்: அதுவரை தலை இதயத்துக்குக் கீழே போகாத ஆசனங்கள் போதும். கால்களை அகட்டி, ஒரு முழங்காலை மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் வீரபத்ராசனம் இரண்டில் தொடங்குங்கள், சுவரில் முதுகை ஒட்டி நின்று.

சூரியகலை: கண் பரிசோதனை முடியட்டும் சார். டாக்டர் சரி என்றால் அஷ்டாங்க வகுப்புக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். அம்மாவின் விஷயத்தை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.