'ஆச்சு' என்றால் அடுத்த படி என்று அதற்கு யார் சொல்வது?

திரையுள்ள ஸ்மார்ட் கருவிக்காக, குரலில் இயங்கும் சமையல் உதவியாளர் ஒன்றைச் செய்த குழுவில் ஒன்றரை வருடம் இருந்தேன். வடிவமைப்பு என் பொறுப்பு. சறுக்கிய இடங்களை மட்டும் சொல்கிறேன். உங்களுடையதையும் சேருங்கள்.

எங்கள் கற்பனை ரொம்ப எளிமையானது. குறிப்பில் 9 படிகள். ஒரு படியை வாசிக்கும், 'அடுத்து' என்றால் அடுத்ததற்குப் போகும். நிரல் எழுதுவதற்கு முன் ஒரு சோதனை வைத்தோம். சமைப்பவர் அடுப்படியில். கருவியாக நடித்தவன் நான், பக்கத்து அறையில் காதில் ஹெட்போனோடு. அவர் பேசுவதைக் கேட்டு நான் பதிலைத் தட்டினால் கருவி அதைப் பேசும். முதல் நாள் வந்த மூன்று பேரில் ஒருவர்கூட 'அடுத்து' என்று சொல்லவில்லை. 'ஆச்சு', 'ம்ம், போட்டுட்டேன்', 'சரி, அப்புறம்?' இவைதான் வந்தன. ஒருவர் வாயே திறக்காமல் திரையை முறைத்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சொற்களையெல்லாம் பட்டியலில் சேர்ப்பது சுலபம். உயிரை வாங்கியது மௌனம்தான். நாங்கள் பயன்படுத்திய தளம், பேசி முடித்ததும் 8 நொடி காது கொடுக்கும். பதில் வராவிட்டால் ஒருமுறை திரும்பக் கேட்கும், பிறகு உரையாடலையே மூடிவிடும். வெங்காயம் நறுக்க 8 நொடி எந்த மூலைக்கு? நறுக்கிவிட்டு நிமிர்ந்தால் திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால், 'இன்று என்ன சமைக்கலாம்?' என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு கையிலும் மாவோடு நிற்பவருக்கு எப்படி இருக்கும்?

கடைசியில், எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைத் தனியாகச் சேமித்து வைத்தோம். உரையாடல் மூடினாலும் அந்தப் படி திரையிலேயே நிற்கும். கருவியை எழுப்பி 'ஆச்சு' என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த ஒரு மாற்றத்துக்கு நான்கு மாதம் ஆனது. அதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

* * *

நான் இதே மாதிரி ஒரு திட்டத்தில் பேச்சுப் பகுதியைப் பார்த்தேன். எங்கள் சங்கடம் வேறு.

குறிப்பில் '1/2 டீஸ்பூன்' என்று இருக்கும். கருவி 'ஒன்று சாய்கோடு இரண்டு டீஸ்பூன்' என்று வாசித்தது. '2-3 நிமிடம்' என்பது 'இரண்டு கழித்தல் மூன்று நிமிடம்' ஆயிற்று. இணையத்துச் சமையல் குறிப்புகளில், கணினி படிப்பதற்கென்று உள்ள பகுதியில், நேரத்தை 'PT20M' என்ற வடிவில் குறித்திருப்பார்கள், 20 நிமிடம் என்று பொருள். அதை அப்படியே 'பீ டீ இருபது எம்' என்று அது கணீரென்று ஒப்பித்த நாளில் அலுவலகமே சிரித்தது. வாசிப்பதற்கு முன் கால், அரை, முக்கால், ஒன்றரை என்று மாற்றித் தரும் ஒரு நிரல் அடுக்கை எழுதினோம்.

கேட்கும் பக்கம் இன்னும் மோசம். 'அரை டம்ளர்' என்று சொன்னால் எழுத்தில் 'அறை டம்ளர்' என்று வந்தது. பேச்சில் நம்மில் பலர் ர, ற வேறுபாடு காட்டுவதில்லையே. பின்னால் அளவுச் சொல் வந்தால் 'அரை' என்று எடுத்துக்கொள் என விதி போட்டோம். அப்புறம் ஒருவர் 'எவ்வளவு நேரம் அரைக்கணும்?' என்று கேட்டார். பாதியா, மிக்ஸியா? கருவி பாதி என்று முடிவு செய்தது. விசிறி ஓடும்போது 'அடுத்து' என்பது 'அடுப்பு' ஆன கதையைத் தனியாகவே எழுதலாம்.

* * *

நான் கணினிக்காரி இல்லை, இதையெல்லாம் பயன்படுத்துகிறவள். எனக்கு இரண்டு குறை.

பொருள்களின் அளவு முதல் பக்கத்தில் இருக்கிறது. ஐந்தாவது படியில் 'உப்பு சேர்க்கவும்' என்கிறது. எவ்வளவு என்று அங்கேயே சொன்னால் என்ன? 'உப்பு எவ்வளவு?' என்று கேட்டால் முதல் பக்கத்துக்குத் தாவி, பட்டியல் முழுவதையும் வாசிக்கிறது. அதற்குள் வாணலியில் கருகல் வாசனை.

இன்னொன்று, பையனிடம் 'போதும், போதும்' என்று சொன்னேன். மைக் திறந்திருந்தது போலிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த டைமரை நிறுத்திவிட்டது. நான் சொன்னது அவன் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை!

* * *

எனக்குப் பார்வை குறைவு. குரல் கருவி எனக்காகவே வந்தது என்று நினைத்துத்தான் வாங்கினேன். 'படத்தில் உள்ள நிறம் வரும் வரை வதக்கவும்' என்றது. எந்தப் படம் அப்பா?

எண்ணெயில் ஈரமான பொருள் விழுந்தால் முதலில் சடசடக்கும். நீர் வற்ற வற்ற ஓசை அடங்கும். வாசனையும் மாறும். 'ஓசை அடங்கியதும் கிளறுங்கள்' என்று சொன்னால் எனக்குப் போதும். பார்வை உள்ளவர்களுக்கும் அது உதவாமலா போகும்?

* * *

முதலில் எழுதியவன்தான். ஓசையைக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, வெட்கமாக இருக்கிறது. 'போதும்' பிரச்சினை எங்களுக்கும் வந்தது. டைமருக்குப் பெயர் வைத்து, நிறுத்தும் முன் 'முட்டை டைமரையா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கவைத்தோம். டைமர் ஒன்றுதான் ஓடினாலும் கேட்கும். சிலருக்கு அது எரிச்சல்தான், ஆனால் தவறாக நிறுத்துவதைவிட மேல்.

திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேசையில் உட்கார்ந்து அரை மீட்டரில் பார்த்து ஒப்புதல் கொடுத்தோம். சமைப்பவரோ 2 மீட்டர் தள்ளி நிற்கிறார். அங்கிருந்து, நல்ல பார்வை உள்ளவருக்கே எழுத்து 3 மில்லிமீட்டராவது இருந்தால்தான் தட்டுத்தடுமாறிப் படிக்க முடியும். ஓரக்கண்ணால் பார்த்ததும் புரிய வேண்டுமென்றால் அதைப்போல மூன்று மடங்கு வேண்டும். அந்த அளவில் எங்கள் படியில் பாதிகூடத் திரையில் அடங்கவில்லை. வாக்கியங்களை வெட்டினோம். முழுவதையும் குரல் சொல்லும், திரையில் பொருளும் அளவும் மட்டும் பெரிதாக நிற்கும்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. 2 பேருக்கான குறிப்பை 3 பேருக்கு மாற்றச் சொன்னால் எல்லா எண்ணையும் ஒழுங்காகப் பெருக்கிவிட்டு, 'ஒன்றரை முட்டையை உடைத்து ஊற்றவும்' என்கிறது. வேகும் நேரத்தையும் அதே கணக்கில் கூட்டுகிறது. யாராவது இதைச் சரிசெய்திருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.